நேற்று நன்றாகத்தான் பறந்தது

ஆண்டுச் சோதனைக்கு விமானத்தைக் கொண்டுவருபவர்கள் சாவியை என் கையில் வைக்கும்போது சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "நேற்றுகூட ஓட்டினேன், நன்றாகத்தான் பறந்தது." உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு விமானத்தின் நிலையைப் பற்றி ஏறக்குறைய எதையும் முடிவுகட்ட முடியாது. நேற்றுப் பறந்ததா என்பது ஒரு கேள்வி, இன்று பறக்கத் தகுதியானதா என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் நடுவே உலோகமும் எண்ணெயும் ஈரக்காற்றும் தம் போக்கில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

நான் வேலை பார்க்கும் ஹாங்கர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வளைகுடாக் கரையை ஒட்டிய ஒரு சிறு விமானத்தளத்தில் இருக்கிறது. பயணிகளைச் சுமக்கும் பெரிய விமானங்கள் இங்கே வருவதில்லை. நான்கு பேர் உட்காரக்கூடிய ஒற்றை இன்ஜின் செஸ்னாக்களும் பைப்பர்களும்தான் வரும். செஸ்னா 172 முதலில் பறந்தது 1955ல். இதுவரை 44,000க்கும் அதிகமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் உருவானதில்லை. 1986 முதல் பத்தாண்டுகள் அதன் உற்பத்தி நின்றிருந்தது. அதனால் எங்களிடம் வரும் விமானங்களில் பல, ஓட்டிவருகிறவரைவிட வயதில் மூத்தவை.

விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் எஃப்.ஏ.ஏ.வின் விதி, இத்தகைய விமானம் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனைக்கு உள்ளாக வேண்டும் என்கிறது. கட்டணம் வாங்கி ஆளை ஏற்றினாலோ பறக்கக் கற்றுக்கொடுத்தாலோ 100 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும். ஆண்டுச் சோதனையில் கையெழுத்திட மெக்கானிக் உரிமம் மட்டும் போதாது, சோதனை செய்வதற்கென்று தனி அங்கீகாரம் வேண்டும். இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாதது இன்னொன்று. விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதன்மைப் பொறுப்பு, சட்டப்படி, அதை வைத்திருப்பவருடையது அல்லது இயக்குபவருடையது. நான் குறைகளைக் கண்டால் தேதியிட்டுக் கையெழுத்திட்ட பட்டியலாகக் கொடுப்பேன். விமானத்தைப் பிடித்துவைக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. பட்டியலை வாங்கிக்கொண்டு அவர் வேறொரு மெக்கானிக்கிடம் போகலாம். அதனால் இந்த வேலையில் குறையைக் கண்டுபிடிப்பது பாதிதான். அதை உரிமையாளர் தன் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ள வைப்பது மறுபாதி.

அவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது ஒரே எண்ணை. கருவிப் பலகையில் இன்ஜின் ஓடிய மணிகளைக் கூட்டிக்கொண்டு போகும் மீட்டர் ஒன்று இருக்கும். விற்பனை விளம்பரத்தின் முதல் வரியில் வருவது அந்த எண்தான். மணி குறைவென்றால் விலை அதிகம். ஆனால் ஒரு விமானத்துக்குள் பல கடிகாரங்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. இறக்கைக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, ரப்பர் குழாய்களுக்கு ஒன்று. அவை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மணி மீட்டரோடு ஒத்துப்போகாத கடிகாரங்களே அதிகம்.

இன்ஜினிலிருந்து தொடங்குகிறேன். ஒருவர் வாங்கவிருந்த விமானத்தை முன்கூட்டிப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். புதுப்பித்துப் பல ஆண்டுகளாகியும் மிகச் சில மணிகளே ஓடிய லைகமிங் இன்ஜின். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை, ஏறக்குறைய புது இன்ஜின் என்று நினைத்தார். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகட்டை வெட்டி, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்தேன். பொடிப்பொடியாக மினுங்கியது. காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் அந்த மினுக்கம் எழுந்து ஒட்டிக்கொண்டது. காந்தத்தில் ஒட்டுவது அலுமினியமாக இருக்க முடியாது, எஃகு.

காரணம் அந்த இன்ஜினின் அமைப்பில் இருக்கிறது. லைகமிங்கின் நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே அமர்ந்திருக்கிறது. ஓடும்போது எண்ணெய் தெறித்து அதை நனைத்துக்கொண்டிருக்கும். நிறுத்திவிட்டால் எண்ணெய் மெல்ல வடிந்து கீழே இறங்கிவிடும். வாரங்கள் மாதங்களாகும்போது கேமின் மேல் மிஞ்சுவது மெல்லிய படலம்தான். எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். கடினப்படுத்திய அந்த மேற்பரப்பில் ஊசிமுனை அளவில் துரு குழி விழும். மறுபடி ஓட்டும்போது குழியின் விளிம்பிலிருந்து எஃகுத் துணுக்குகள் உரிந்து எண்ணெயில் கலந்து இன்ஜின் முழுக்கச் சுற்றிவரும்.

இதில் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு காரியம் நிலைமையை மோசமாக்குகிறது. பறக்க நேரமில்லாத உரிமையாளர்கள் வாரம் ஒருமுறை வந்து, தரையிலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, அதற்கு நன்மை செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி உள்ளே இறங்கும். ஒரு மணி நேரம் பறந்து எண்ணெய் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி நின்றால் அந்த ஈரமும் ஆவியாகி வெளியேறும். தரையில் பத்து நிமிட ஓட்டத்தில் எண்ணெய் அந்தச் சூட்டை எட்டாது. தண்ணீர் உள்ளே வந்து, குளிர்ந்து, அங்கேயே தங்கும். ஓட்டாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு ஈரம் சேர்ந்திருக்காது. லைகமிங் தன் ஓ-320 இன்ஜின்களை 2,000 மணிக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்வது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே அறிவுரையில் 12 ஆண்டு என்றும் ஓர் எல்லை உண்டு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. அந்த இரண்டாம் பாதியை விளம்பரங்கள் சொல்வதில்லை.

சும்மா நிற்கும் விமானத்தைத் தேடி உயிர்களும் வரும். இங்கே மண்கூடு கட்டும் குளவிகள் ஏராளம். காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயின் துளை அவற்றுக்குச் சரியான அளவு. 1996 பிப்ரவரி 6ல் டொமினிக்கன் குடியரசின் புவெர்த்தோ பிளாத்தாவில் இருந்து கிளம்பிய பிர்கென்ஏர் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பிட்டோ குழாய் ஒன்று அடைபட்டு வேகமானி தவறாகக் காட்டியதில் விமானிகள் குழம்பிப்போனார்கள். அந்த விமானம் அதற்குமுன் பல நாள் பறக்காமல், குழாய்க்கு உறை போடாமல் நின்றிருந்தது. அடைத்தது குளவிக்கூடாக இருக்கலாம் என்பதே விசாரணையாளர்களின் வலுவான ஊகம்.

சும்மா நின்றால் இன்ஜின் கெடுகிறது என்றால், ஓயாமல் பறக்கும் பயிற்சிப் பள்ளி விமானம்தான் ஆரோக்கியமானதா? இன்ஜினைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆம். நாள்தோறும் ஓடி எண்ணெயில் ஊறிக்கொண்டே இருக்கும் இன்ஜின்களைப் பிரித்தபோது, 2,000 மணி கடந்த பின்னும் கேம்கள் கண்ணாடிபோல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இறக்கையின் கதை தலைகீழ்.

எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான விசையை எத்தனை கோடி முறை கொடுத்து எடுத்தாலும் அது தாங்கும். அலுமினியக் கலவைகளுக்கு அப்படி ஒரு பாதுகாப்பான கீழ் எல்லை இல்லை. ஒவ்வொரு குலுக்கலும், ஒவ்வொரு கடினமான தரையிறக்கமும் சிறிதளவு ஆயுளைத் தின்கிறது. விரிசல் ஒன்று தொடங்கினால் முதலில் மிக மெதுவாக, கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத அளவில் வளரும். நீளம் கூடக் கூட அதன் நுனியில் குவியும் அழுத்தம் கூடும். வளர்ச்சி வேகம் அந்த அழுத்தத்தின் மூன்றாம் நான்காம் அடுக்குக்கு ஏற்பப் பெருகும். வாழ்நாளின் பெரும்பகுதியை விரிசல் சிறியதாகவே கழித்துவிட்டு, கடைசியில் விரைந்து முடித்துவிடுகிறது. "நேற்று நன்றாகத்தான் பறந்தது" என்ற சான்றுக்கு மதிப்பில்லாமல் போவது இந்தக் கணிதத்தால்தான். முறிவதற்கு முந்தைய பறப்பும் நன்றாகவே இருந்திருக்கும்.

2018 ஏப்ரல் 4 அன்று ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச்சில் ஒரு பைப்பர் ஆரோ விமானத்தின் இடது இறக்கை பறக்கும்போதே கழன்று விழுந்தது. மாணவரும் அவருக்குத் தேர்வு நடத்த வந்தவரும் இறந்தார்கள். 2007ல் செய்யப்பட்ட, பயிற்சிக்குப் பயன்பட்ட விமானம் அது. இறக்கையைத் தாங்கும் நடு உத்தரமான ஸ்பாரின் கீழ்ப்பட்டையில், போல்ட் துளையிலிருந்து உலோகச் சோர்வு விரிசல் தொடங்கி வளர்ந்திருந்தது. அந்த இடம் போல்ட்டுகளாலும் தகடுகளாலும் மூடப்பட்டது. வழக்கமான சோதனையில் விளக்கடித்துப் பார்க்கும் எந்த மெக்கானிக்கின் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. கலத்தோடு சேர்ந்திருந்த மறு இறக்கையிலும் விரிசல் இருந்தது.

இதன்பின் எஃப்.ஏ.ஏ. பிறப்பித்து 2021ல் அமலுக்கு வந்த ஆணை, அறிவியலும் ஆவணமும் கைகோத்த அருமையான எடுத்துக்காட்டு. சில பைப்பர் மாதிரிகளின் ஸ்பார் துளைகளைச் சுழல் மின்னோட்ட முறையில் சோதிக்கச் சொன்னது. மாறுமின்னோட்டம் ஓடும் சிறு கம்பிச் சுருளைத் துளைக்குள் விட்டால் சுற்றியுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். விரிசல் குறுக்கிட்டால் அது வழிமாறும், கருவியின் திரையில் கோடு எகிறும். ஆனால் எல்லா விமானங்களின் போல்ட்டையும் கழற்றினால், கழற்றும்போதே துளையில் கீறல் விழுந்து புதிய விரிசலுக்கு வித்தாகலாம். எதைச் சோதிப்பது, எதை விடுவது? அதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். லாக்புக்கில் எத்தனை 100 மணிச் சோதனைகள் பதிவாகியுள்ளன என்று எண்ணி, அதை 100 ஆல் பெருக்க வேண்டும். மொத்தப் பறப்பு மணியில் அதைக் கழித்தால் வரும் மிச்சத்தை 17 ஆல் வகுத்து, முன்னதோடு கூட்ட வேண்டும். விடை 5,000ஐத் தொட்டால் சோதனை.

இந்தச் சூத்திரத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 100 மணிச் சோதனை என்பது பயிற்சிக்கோ வாடகைக்கோ ஓடியதன் அடையாளம். அப்படி ஓடிய ஒவ்வொரு மணியும் இறக்கைக்கு ஒரு முழு மணி. சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பக்கத்து ஊருக்குப் போய்வந்த மணி, பதினேழில் ஒரு பங்கு. இரண்டு விமானங்களின் மீட்டரிலும் 8,000 மணி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பத்து 100 மணிச் சோதனைகள் பதிவு; அதன் இறக்கைக்கு வயது சுமார் 1,412. மற்றதில் அறுபது, அதன் வயது சுமார் 6,118. மீட்டர் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது.

தன் விமானத்தைப் பிள்ளைபோல் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் வாங்கியபின் பயிற்சிக்கு விட்டதே இல்லை. ஆனால் முதல் லாக்புக்கைத் திறந்தால், அவர் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பு, மாதத்துக்கொரு 100 மணிச் சோதனை வரிசையாக இருந்தது. தனக்கு முந்தைய வாழ்க்கை ஒன்று தன் விமானத்துக்கு இருந்ததை அன்றுதான் அவர் உணர்ந்தார். முகம் வாடிவிட்டது. ஆனாலும் சோதனைக்கு உடனே ஒப்புக்கொண்டார், நான் வாதாட வேண்டியிருக்கவில்லை. துளைகளில் விரிசல் இல்லை. லாக்புக்கைத் தொலைத்தவர்களுக்குக் கணக்குப் போட்டு விடுபடும் வழியும் அடைபட்டுவிடுகிறது. பதிவு தொலைந்தோ அரைகுறையாகவோ உள்ள விமானங்களையும் ஆணை தன் வலைக்குள் சேர்த்துக்கொண்டது. விமானம் வாங்க நினைப்பவர்கள் பெயின்டுக்கும் புதிய திரைகளுக்கும் முன்னால் அந்தப் பழைய புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று நான் மன்றாடுவதற்குக் காரணம் இதுதான்.

எண்ணைப் பார்த்து ஏமாறும் இன்னோர் இடம் கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட்டு, எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்போம். 76 நின்றால் 76/80 என்று எழுதுவோம். ஓ-320ன் பிஸ்டன் மேல் அந்த அழுத்தம் சுமார் 750 கிலோ எடைக்குச் சமம். பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் ப்ரொப்பெல்லர் திரும்பிக் கையை உடைத்துவிடும். அதனால் ஒருவர் ப்ரொப்பெல்லரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே நிற்போம். உரிமையாளர்கள் எண்ணைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் அவர்களை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்கச் சொல்வேன். காற்று எங்கே கசிகிறது? எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். கொஞ்ச காலம் பொறுக்கலாம். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. அதைப் பொறுக்கக் கூடாது. ஒரே சிலிண்டர் காலையில் ஓர் எண்ணும், ஒரு முறை பறந்துவிட்டு வந்தபின் வேறோர் எண்ணும் காட்டும். கசியும் இடம் அப்படி எளிதில் மாறாது.

எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் மூடியிருக்கும் நேரத்தில், தான் உட்காரும் வளையத்துக்குக் கடத்திக் குளிர்கிறது. விளிம்பில் ஓரிடம் சரியாகப் படியாவிட்டால் அங்கே சூடு தங்கும். சூடேறிய இடம் அரிக்கப்படும், அரிக்கப்பட்டால் இன்னும் குறைவாகப் படியும், இன்னும் சூடேறும். தன்னைத் தானே வளர்க்கும் சுழற்சி இது. ப்ளக் துளை வழியே போரஸ்கோப் என்னும் சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், நல்ல வால்வின் முகத்தில் நிறங்கள் வட்ட வட்டமாக ஒரே மையத்தில் இருக்கும். கெடும் வால்வில் வட்டம் ஒரு பக்கம் நகர்ந்து, விளிம்பில் பிறைபோல் தனி நிறம் தெரியும். படத்தைத் திரையில் காட்டியபின் செலவைப் பற்றி வாதிட்டவர் எனக்கு நினைவில்லை.

சில குறைகளுக்கு எந்தக் கடிகாரமும் முன்னறிவிப்புத் தருவதில்லை. கேபினைச் சூடாக்க, புகைக்குழாயின் மஃப்லரைச் சுற்றித் தகடு போர்த்தி இடையில் காற்றை ஓட்டி உள்ளே அனுப்புகிறார்கள். மஃப்லரில் மயிரிழை விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்கு வரும். நிறமில்லை, மணமில்லை; இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றும். 2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபுவில் பயணம் செய்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. அதுபோலவே மேக்னெட்டோ. அது பேட்டரி இல்லாமல் தானே மின்பொறியை உண்டாக்கும். சாவியை அணைப்பது என்றால் ஒரு கம்பி வழியே அதைத் தரைப்படுத்துவது. அந்தக் கம்பி அறுந்தால் சாவி அணைந்திருக்கும், மேக்னெட்டோ அணைந்திருக்காது. நின்றிருக்கும் ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளினால் இன்ஜின் உயிர்பெறலாம். குழந்தைகளை ப்ரொப்பெல்லர் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பவர்களைக் கண்டால் நான் ஓடிப்போய்த் தடுக்கிறேன்.

இவ்வளவு மறைந்திருக்கும்போது, எல்லாவற்றையும் அடிக்கடி பிரித்துப் பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றும். அதற்கு விடை தந்தவர் மெக்கானிக் அல்லர், உயிரியலாளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடிய பிரிட்டிஷ் கரையோரப் படையின் விமானங்கள் பல, பழுதாகிப் பறக்காமல் நின்றன. அறிவியலாளர் குழுவில் இருந்த சி.எச். வாடிங்டன், எதிர்பாராத பழுதுகளை 50 மணிச் சோதனையிலிருந்து எத்தனை மணி கழித்து நேர்ந்தன என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். சோதனைக்கு முன்பு பழுது ஏறியும் சோதனைக்குப்பின் குறைந்தும் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சோதனை முடிந்த உடனே பழுதுகள் உச்சத்தில் இருந்தன, பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக இருந்ததைப் பிரித்து மாட்டியதே பழுதை உண்டாக்கியது. போர் இரகசியம் என்பதால் அவருடைய நூல் 1973ல்தான் வெளிவந்தது. 1978ல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நோலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கை இதை வேறு பக்கத்திலிருந்து உறுதிசெய்தது. அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் 11 சதவீதமே வயதானால் தேயும் வகை. 68 சதவீதம், பொருத்திய புதிதில்தான் அதிகம் பழுதானவை.

அதனால் குறைவாகக் கழற்றி அதிகமாகப் பார்ப்பதே என் முறை. கம்ப்ரஷன் எண் குறைந்த மாத்திரத்தில் சிலிண்டரை உருவும் பழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. அதை நான் எதிர்க்கிறேன். கையெழுத்திட்டபின் உரிமையாளரிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன்: முதல் பறப்பைப் பகலில், தளத்துக்கு மேலேயே, தனியாகப் பறந்து முடியுங்கள். பேரப்பிள்ளைகளோடு விமானத்தை எடுக்க வந்த ஓர் அம்மையார் இதைக் கேட்டுத் தயங்கினார். வாடிங்டனின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். பிள்ளைகளை அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக மேலேறினார். இறங்கியதும் மூடியைத் திறந்து, குழாய் இணைப்புகளையும் எண்ணெய்த் தடத்தையும் இருவருமாகப் பார்த்தோம்.

அடுத்த சோதனை வரை தான் கவனிக்க வேண்டியது என்ன என்று அவர் கேட்டார். எத்தனை மணிக்கு ஒரு குவார்ட் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைக்கச் சொன்னேன். மறு ஆண்டு அவர் கொண்டுவந்த பட்டியலில், முதல் பாதி முழுக்க அந்த இடைவெளி மாறாமல் இருந்து, பிறகு படிப்படியாகச் சுருங்கியிருந்தது. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் நல்ல எண் காட்டியது. பட்டியலை நம்பி போரஸ்கோப்பை விட்டோம். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் தலை மட்டும் எண்ணெயில் நனைந்து கிடந்தது. அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் கழற்றவில்லை.